விரல் பதிந்த செங்கல்

ஏப்ரல் நடுவில் சார்ல்ஸ்டனில் சூரியன் உதிக்க ஏழு மணி ஆகிவிடும். நாங்கள் ஆறேகாலுக்கே ஈஸ்ட் பே தெருவில் முக்காலிகளை விரித்து நின்றுகொண்டிருந்தோம். எதிரே ரெயின்போ ரோ: தோளோடு தோள் ஒட்டிய பதின்மூன்று வீடுகள். இளஞ்சிவப்பு, வெளிர்மஞ்சள், பிஸ்தாப் பச்சை, வானநீலம். தென் கரோலினா மாநிலத்தின் இந்தத் துறைமுக நகரைப் பற்றி எந்த அஞ்சலட்டையை எடுத்தாலும் இந்த வரிசை இருக்கும். பயிற்சிக்கு வந்திருந்த எட்டுப் பேரும் அந்தப் படத்தை மனத்தில் சுமந்தே வந்திருந்தார்கள்.

“எல்லோரும் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். அது முடிந்தால்தான் கண் வேறு எதையாவது பார்க்கும்” என்றேன்.

கிழக்கு பார்த்த வீடுகள் என்பதால் காலை இங்கே படக்காரர்களின் பொழுது. சூரியன் வருமுன் இருக்கும் நீல வெளிச்சத்தில் நிழலே விழாது. ஒவ்வொரு சுவரும் தன் நிறத்தைத் தானே சொல்லும். ஐ.எஸ்.ஓ. 100, அபர்ச்சர் எஃப் 8, ஷட்டரை இரண்டு மூன்று நொடி திறந்து வைத்தால் போதும். கூப்பர் ஆற்றுக்கு மேலே சூரியன் ஏறிய பிறகு முன்னால் நிற்கும் பால்மெட்டோ மரங்களின் நிழல் சுவரில் விரியும். அப்போது படம் வேறு.

படம் எடுத்து முடித்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன்: “இதில் எது பழையது?” எல்லோரும் நிறங்களைக் காட்டினார்கள். உண்மையில் அந்த நிறங்களுக்கு நூறு வயதுகூட ஆகவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் வணிகர்கள் கட்டிய வீடுகள் இவை. கீழே கடை, மேலே குடியிருப்பு. உள்நாட்டுப் போருக்குப் பிறகு பாழடைந்து கிடந்தன. 1931-இல் டோரத்தி போர்ச்சர் லெக் என்ற பெண்மணி இங்கே வீடு வாங்கிப் புதுப்பித்து, இளஞ்சிவப்பு அடித்தார். பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றாய் அவரைப் பின்தொடர்ந்தன. அதே 1931-இல்தான் பழைய நகரப் பகுதியைக் காக்க நகராட்சி ஒரு சட்டம் போட்டது. அமெரிக்காவில் அவ்வகையில் முதல் சட்டம் அது.

அப்படியானால் பழையது எது? பூச்சுக்குள்ளே இருக்கும் செங்கல். அதைச் சுட்டது யார்?

நான்கு நாளுக்கும் நான் கொடுத்த வேலை இந்த இடத்திலிருந்து பிறந்தது. “இந்த நகரத்தைச் செய்த கையைப் படமெடுங்கள். நான்காம் நாள் காலையில் ஆளுக்கு ஒரே ஒரு படம் கொண்டு வந்தால் போதும்.”

*

நான் நாகப்பட்டினத்துப் பக்கத்தில் பிறந்தவன். அட்லாண்டாவில் குடியிருக்கிறேன், அங்கிருந்து சார்ல்ஸ்டனுக்கு ஐந்து மணி நேரக் கார்ப் பயணம். எட்டு ஆண்டுகளாக ஆண்டுக்கு ஒருமுறை இந்தப் பயிற்சியை நடத்துகிறேன். இந்த முறை வந்தவர்களில் ஒஹையோவிலிருந்து ஒரு செவிலியர், பணி ஓய்வு பெற்ற ஆசிரியத் தம்பதி, கொலம்பியா நகரிலிருந்து வந்த கறுப்பின மென்பொருள் துறை இளைஞர் ஆகியோர் இருந்தார்கள். சார்லட்டிலிருந்து ஒரு தமிழ்ப் பெண்ணும் வந்திருந்தார். திருநெல்வேலியிலிருந்து மகளைப் பார்க்க வந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். “அம்மாவ வீட்ல தனியா விட மனசு வரல அண்ணா” என்றார். அந்த அம்மாவின் கையில் ஒரு கைபேசி மட்டும் இருந்தது.

ஆஷ்லி, கூப்பர் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே நாக்குப் போல நீண்டு கிடக்கிறது சார்ல்ஸ்டன். ஆங்கிலேயர் 1670-இல் ஆஷ்லியின் மறுகரையில் குடியேறி, பத்தாண்டுக்குப் பின் இந்த நாக்குக்கு மாறினார்கள். கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஐந்தடிக்கு மேல் வித்தியாசம் உண்டு. வற்றும் நேரத்தில் சதுப்பிலிருந்து ஒரு வாசனை எழும். உள்ளூர்க்காரர்கள் அந்தச் சேற்றை ‘ப்ளஃப் மட்’ என்பார்கள். கழிமுகத்தில் வளர்ந்தவனுக்கு அது ஊர் வாசனை.

முதல் நாள் முழுக்க வீடுகளைப் பார்த்தோம். இங்கே ‘சிங்கிள் ஹவுஸ்’ என்று ஒரு வீட்டு வகை இருக்கிறது. ஓர் அறை அகலம்தான். குறுகிய பக்கத்தைத் தெருவுக்குக் காட்டி, வீடு உள்ளே நீளும். தெற்கிலோ மேற்கிலோ நெடுகத் தாழ்வாரம். அதைப் ‘பியாசா’ என்கிறார்கள். கடல் காற்றைப் பிடிக்க அந்தத் திசை. தெருவில் இருக்கும் கதவைத் திறந்தால் வீட்டுக்குள் போகமாட்டோம், தாழ்வாரத்துக்குத்தான் போவோம். நம் ஊர்த் திண்ணையை வீட்டின் பக்கவாட்டில் திருப்பி வைத்து, அதற்கு ஒரு கதவும் போட்டது போல. கதவு திறந்திருந்தாலும் உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன.

சுவர்களில் ஆங்காங்கே வட்ட வட்டமாய் இரும்புத் தகடுகள் தெரியும். 1886 ஆகஸ்ட் 31 இரவு இந்த நகரைப் பெரிய நிலநடுக்கம் உலுக்கியது. பிளந்த வீடுகளுக்கு ஊடே இரும்புக் கம்பி செலுத்தி, இரு முனையிலும் தகடு வைத்து முறுக்கி இறுக்கினார்கள். சுவருக்கு வெளியே தெரிவது அந்தத் தகடுதான்.

இரும்பைத் தேடி மாலையில் ஆன்சன் தெருவுக்குப் போனோம். அங்கே செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில் இதய வடிவங்கள் வைத்த ஒரு கதவு இருக்கிறது. வடிவமைத்தவர் ஃபிலிப் சிம்மன்ஸ். 1912-இல் டேனியல் தீவில் பிறந்த கறுப்பினக் கொல்லர். சிறுவனாக உலைக்களத்தில் சேர்ந்து, 2009-இல் மறைவதற்குள் இந்த நகருக்கு ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கதவுகளும் கைப்பிடிகளும் சாளரக் கம்பிகளும் அடித்துக் கொடுத்தார். தெருவில் நடக்கிற ஒவ்வொருவரும் அவர் கை பட்டதைக் கடந்துதான் போகிறார்கள். இரும்பைப் படமெடுக்க எதிர்வெளிச்சம் நல்லது. கம்பி கருங்கோடாக நிற்கும். சம்மட்டி விழுந்த இடத்தில் மட்டும் விளிம்பு மின்னும்.

*

இரண்டாம் நாள் சால்மர்ஸ் தெரு. பழைய கப்பல்கள் அடிப்பாரத்துக்காகச் சுமந்து வந்த உருண்டைக் கற்கள் பாவிய தெரு. நடந்தால் கணுக்கால் புரளும். அதில் கோட்டை வாசல் போன்ற ஒரு கட்டடம் நிற்கிறது. 1856-இல் திறந்தவெளியில் மனிதர்களை ஏலம் விடுவதை நகரம் தடுத்தபோது, வியாபாரம் சுவர்களுக்குள் நகர்ந்தது. இந்த முகப்பு 1859-இல் எழுந்தது. இப்போது இது பழைய அடிமைச் சந்தை அருங்காட்சியகம்.

கேமராவைப் பையில் வைத்துவிட்டு உள்ளே போகச் சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தவர்களுக்குப் பேச்சு வரவில்லை. குளிர்சாதன அறையிலிருந்து ஈரக்காற்றுக்கு வந்ததும் லென்ஸில் பனி படரும். அரை மணி நேரம் பையைத் திறக்கக் கூடாது. அந்த அரை மணி நேரம் அன்று எங்களுக்குத் தேவையாக இருந்தது.

பிறகு செங்கல் பார்க்கப் போனோம்.

சார்ல்ஸ்டனின் செங்கற்கள் சுற்றியிருந்த தோட்டங்களின் சூளைகளிலிருந்து ஆற்றுவழியாகப் படகில் வந்தவை. மண்ணை மிதித்ததும், அச்சில் அறைந்ததும், சுட்டதும் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள். ஈரம் காயாத கல்லைப் புரட்டி அடுக்கும் வேலை பெரும்பாலும் பிள்ளைகளுடையது. அப்படித் தூக்கும்போது விரல் அமுங்கிய கற்கள் அப்படியே சூளைக்குப் போயின, அப்படியே சுவரேறின. பழைய சுவர்களில் இன்றும் அந்தக் குழிகளைப் பார்க்கலாம்.

முதல் இரண்டு ஆண்டுகள் நான் அந்தச் சுவர்களைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். என் கண்ணில் ஒன்றும் படவில்லை. உச்சி வெயில் சுவரை நேராக அறையும்போது எல்லாக் கல்லும் தட்டையாகவே தெரியும். வெளிச்சம் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் வர வேண்டும். அது வரும் இருபது நிமிடத்தில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் நிழல் முளைக்கும்.

அன்று நாலரை மணிக்கு ஒரு சந்துச் சுவரின் முன் காத்திருந்தோம். வெயில் சாய்ந்தது. முதலில் கண்டது கொலம்பியா இளைஞர்தான். இடுப்பு உயரத்தில் ஒரு கல். அதில் பக்கம் பக்கமாய் மூன்று சிறு குழிகள். யாரும் முக்காலியைப் பிரிக்கவில்லை. அவர் மட்டும் மண்டியிட்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரே ஒரு படம் எடுத்தார்.

அங்கிருந்து கேட்ஸ்டன் துறைக்கு நடந்தோம். வட அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களில் ஐந்தில் இரண்டு பங்கினர் சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் வழியே வந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். 1808 ஜனவரி 1-இல் தடைச் சட்டம் வருமுன், கடைசி ஆண்டுகளில் கப்பல்கள் ஒதுங்கிய இடம் இந்தத் துறை. 2023 ஜூனில் இங்கே சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் திறந்தது. அதன் கட்டடம் தரையைத் தொடாமல் பதினெட்டுத் தூண்களின் மேல் பதின்மூன்று அடி உயரத்தில் நிற்கிறது. அவர்கள் கால் வைத்த மண்ணின் மேல் சுவர் எழக்கூடாது என்று. கீழே நிலக்கலைஞர் வால்டர் ஹூட் அமைத்த தோட்டத்தில் ஆழமில்லாத ஒரு நீர்ப்பரப்பு. நீர் வடியும்போது தரையில், கப்பலின் அடித்தட்டில் கிடத்தியதுபோல் மனித உருவங்கள் வரிசையாகத் தெரியும். நீர் ஏறும்போது மறையும். அந்திவெளிச்சத்தில் அந்த நீரில் வானம் விழுந்திருந்தது. வானத்தைப் படம்பிடித்தால் உருவங்கள் கிடைக்காது. உருவங்களைப் பிடிக்க நீர் வடியும்வரை நிற்க வேண்டும். நின்றோம்.

*

இரவு உணவுக்குப் பின் விடுதிக் கூடத்தில் நான் ஒரு கதை சொல்வது வழக்கம்.

1850-இல் கொலம்பியாவில் ஜோசப் ஸீலி என்ற படக்காரர், லூயி அகாஸி என்ற விஞ்ஞானிக்காகப் டாகெரோடைப் என்னும் தொடக்ககால வகைப் படங்கள் பதினைந்து எடுத்தார். அவற்றில் இருப்பவர்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஏழு பேர். ரென்டி என்பவரும் அவர் மகள் டீலியாவும் அவர்களில் இருந்தார்கள். ஆடை களையச் செய்து அவர்களை நிறுத்தினார்கள். இனங்களுக்குள் உயர்வு தாழ்வு உண்டு என்று காட்டச் சான்று தேடிய படங்கள் அவை. நூறாண்டுக்கு மேல் மறந்து கிடந்து, 1976-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பீபாடி அருங்காட்சியகத்தில் கிடைத்தன. ரென்டி தன் முன்னோர் என்று சொல்லி 2019-இல் தமரா லானியர் என்ற பெண்மணி வழக்குத் தொடுத்தார். 2025 மே மாதம் உடன்பாடு ஏற்பட்டது; படங்களை ஹார்வர்டு விட்டுக்கொடுத்தது. அவை வந்து சேரும் இடமாகச் சொல்லப்பட்டது நாங்கள் மாலையில் நின்றிருந்த அதே அருங்காட்சியகம்.

அந்தப் படங்களை நான் திரையில் காட்டுவதில்லை. கேட்காமல் எடுத்த படத்தை இன்னொரு முறை நான் காட்ட வேண்டாம் என்று நினைக்கிறேன்.

ராபர்ட் ஃப்ராங்க் 1955-இல் இதே ஊரில் எடுத்த படத்தைக் காட்டினேன். கறுப்பினத் தாதி ஒருவர் வெள்ளைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் நிற்கிறார். ‘தி அமெரிக்கன்ஸ்’ தொகுப்பில் வந்து உலகப் புகழ் பெற்ற படம். அதன் கீழே ஊரின் பெயரும் மாநிலத்தின் பெயரும் மட்டும் இருக்கின்றன. அவர் பெயர் இல்லை.

“நல்ல படம் எடுத்தும் நாம் ஒரு கடன் வைத்துவிட்டுப் போகலாம்” என்றேன். அதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்றால், அதற்குக் காரணம் என் முதல் ஆண்டு. சந்தையில் கூடை தைத்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியை எதிர்ப்பக்கத்திலிருந்து நீள லென்ஸில் எடுத்தேன். மூன்றாவது சொடுக்கில் அவர் நிமிர்ந்தார். பாதி தைத்த கூடையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அந்தப் படங்களை அன்றே அழித்தேன். அந்தக் கூடை உயர்ந்த வேகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

*

மூன்றாம் நாள் காலையில் நகருக்கு வெளியே ‘கா கா’ என்னும் பூங்காவுக்குப் போனோம். ஒரு காலத்தில் நெல் விளைந்த சதுப்பு. இப்போது கொக்கும் நாரையும் முதலை இனத்து அல்லிகேட்டரும் வாழ்கிற இடம். மூடுபனியில் நேர்கோடாய் ஓடும் வரப்புகளைப் பார்த்ததும் எனக்கு எப்போதும் தொண்டை அடைக்கும். சைப்ரஸ் காடுகளை வெட்டி, சேற்றில் நின்று, இந்தக் கரைகளைக் கையால் போட்டவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் நாடுகளிலிருந்து கடத்தப்பட்டவர்கள். ‘கரோலினா கோல்டு’ என்று உலகச் சந்தையில் பேர் வாங்கிய அரிசியின் செல்வம்தான் சார்ல்ஸ்டனின் மாளிகைகள்.

கடல் ஏறும்போது ஆற்றின் நன்னீர் பின்னால் தள்ளப்பட்டு உயரும். அந்த நேரம் பார்த்து மதகைத் திறந்தால் வயல் நிறையும். வற்றும்போது திறந்தால் வடியும். அந்த மதகை இங்கே ‘ட்ரங்க்’ என்கிறார்கள். அடிமரத்தைக் குடைந்து கரைக்குள் பதித்து, அடைப்பு வைத்ததால் வந்த பெயர். பின்னால் பலகைப் பெட்டியாக மாறியும் பெயர் நின்றுவிட்டது. ஒரு ட்ரங்கின் மேல் நின்று எங்கள் ஊர் மதகைப் பற்றிச் சொன்னேன். திருநெல்வேலி அம்மா கரையைக் கையால் அழுத்திப் பார்த்தார்.

“கர கெட்டியாத்தான் போட்டிருக்காவ தம்பி. இவ்வளவு காலம் கழிச்சும் நிக்கிதே” என்றார்.

பிற்பகலில் சிட்டி மார்க்கெட். மீட்டிங் தெருவிலிருந்து கிழக்கே நீளும் கூடங்களில் கலா மக்களின் கூடைக் கடைகள் உண்டு. அடிமைகளாக வந்தவர்களின் வழிவந்து, ஆப்பிரிக்கச் சொற்கள் கலந்த தனி மொழியும் வாழ்முறையும் கொண்டு இந்தக் கடலோரத் தீவுகளில் நிலைத்தவர்கள் அவர்கள். ஸ்வீட்கிராஸ் என்னும் வாசனைப் புல், கோரை, பைன் ஊசியிலை ஆகியவற்றைக் கற்றையாகச் சுற்றி, பால்மெட்டோ ஓலைக் கீற்றால் கட்டுகிறார்கள். முடைவது என்று சொல்வதில்லை, தைப்பது என்பார்கள். துளையிடும் கருவிக்குப் பெயர் ‘எலும்பு’. முன்பு விலாவெலும்பு, இப்போது பெரும்பாலும் அரம் போட்டுத் தேய்த்த கரண்டிக் காம்பு. அந்தக் கைத்தொழிலை 2006-இல் மாநிலத்தின் கைவினையாக அறிவித்தார்கள்.

என் விதி எளிது. முதல் அரை மணி நேரம் கேமரா கிடையாது. பேசுங்கள். படம் எடுக்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் நன்றி சொல்லி நகருங்கள்.

ஒரு கடையில் அந்த அம்மா நின்றுவிட்டார். மேசையில் அகன்ற, ஆழமில்லாத கூடை ஒன்று இருந்தது.

“ஏட்டி, இங்க வா. தம்பி, இது சொளவுல்லா? வட்டமா செஞ்சிருக்காவ.”

கடைக்காரரிடம் கேட்டுவிட்டு அதை இரு கையாலும் எடுத்தார். இல்லாத நெல்லை மேலே எறிந்து, விளிம்பைத் தட்டி, பதரை ஒருபக்கம் ஒதுக்கினார். அந்தப் பெண்மணிக்கு அறுபது வயதிருக்கும். கையிலிருந்த தையலை நிறுத்திவிட்டுச் சிரித்தார். பிறகு தானும் எழுந்து அதே அசைவைச் செய்து காட்டினார். ‘ஃபேனர்’ என்று பெயர் சொன்னார். நெல் புடைக்கத்தான், அவர் பாட்டி புடைத்ததைப் பார்த்திருக்கிறாராம். என் தாய் வீட்டு முறம் மூங்கில், வாய் திறந்திருக்கும். இது புல், சுற்றிலும் அடைத்திருக்கும். ஆனால் தட்டும்போது மணிக்கட்டு திரும்பும் விதம் ஒன்றே.

மகள் மொழிபெயர்க்க, இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். பனையோலைப் பெட்டி, கருப்பட்டி, ஈர்க்கைக் கிழிக்க நகத்தை வளர்ப்பது, விரல் நுனி காய்த்துப்போவது. கடைக்காரர் ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டு அம்மாவை உட்கார வைத்தார். தைத்துக்கொண்டிருந்த கூடையையும் எலும்பையும் கையில் கொடுத்தார். அம்மா இரண்டு மூன்று தையல் போட்டார். நான்காவது நழுவியது, கடைக்காரர் அவர் விரலைப் பிடித்து, புல்லை எங்கே நெருக்க வேண்டும் என்று காட்டினார்.

எட்டுக் கேமராக்கள் அங்கே நின்றன. யாரும் உயர்த்தவில்லை. யாரும் இன்னும் கேட்கவில்லை. கேட்டுக் குறுக்கிடவும் மனம் வரவில்லை.

*

நான்காம் நாள் காலையில் படங்களைத் திரையில் பார்த்தோம். செவிலியர் மதகுப் பலகையில் உளி விட்ட வெட்டைக் கொண்டுவந்திருந்தார். ஆசிரியர் இரும்பு இதயத்தின் விளிம்பை. கொலம்பியா இளைஞர் செங்கல்லின் மூன்று குழிகளை. ஃப்ரேம் முழுக்கக் கல் மட்டும், வேறொன்றும் இல்லை. திரையில் அது வந்ததும் அறை நெடுநேரம் அமைதியாக இருந்தது.

எல்லாம் முடிந்த பிறகு அந்த மகள் தயங்கித் தயங்கிச் சொன்னார். “அண்ணா, அம்மா ஃபோன்லயும் ஒண்ணு இருக்கு. ஆனா அம்மா எடுத்தது இல்ல.”

கடையில் நாங்கள் விலகிப் போன பிறகு, கடைக்காரர் கைநீட்டி அம்மாவின் கைபேசியைக் கேட்டிருக்கிறார். எடுக்கலாமா என்று சைகையிலேயே கேட்டு, அம்மா தலையாட்டியதும் எடுத்திருக்கிறார். திரையில் போட்டோம். மடியில் பாதிக் கூடை. எலும்பைப் பிடித்த அம்மாவின் கை; நரம்பு புடைத்த, மஞ்சள் மங்கிய புறங்கை. பக்கவாட்டு வெளிச்சம் புல்லின் ஒவ்வோர் இழையிலும் ஏறியிருந்தது.

எட்டு ஆண்டுகளில் அந்தச் சந்தையில் நான் பார்த்த எல்லாப் படங்களிலும் லென்ஸ் ஒரே பக்கம்தான் பார்த்தது. இதில் பார்த்தவர் அவர். பார்க்கப்பட்டது எங்கள் ஊர்க் கை.

படத்தின் இடது மூலையில் மங்கலாக ஏதோ கிடந்தது. “அது அந்த அம்மா விரல். லென்ஸ்ல பட்டுருச்சு. வெட்டிரலாமா அண்ணா?” என்று மகள் கேட்டார். பயிற்சியில் நான் முதலில் திருத்தும் பிழை அதுதான்.

மறுபடியும் பார்த்தேன். பழுப்பு நிறத்தில், ஓரம் கரைந்து, ஒரு விரல் நுனி.

“வெட்டாதீங்கம்மா. இருக்கட்டும்” என்றேன்.